எதிர்க்கடைச் சம்பந்தி

எங்கம்மா லாண்டரி வைத்திருக்கிறாள். என் மாமனார் தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. அம்மா இஸ்திரி மேஜையிலிருந்து நிமிர்ந்தால் மாமா மிஷினில் உட்கார்ந்திருப்பது தெரியும். மாமா ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தூக்கினால் அம்மா தெரிவாள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"உங்கம்மாகிட்ட சொல்லும்மா, அந்த வாஷிங் மிஷின் சத்தத்துல என் காது போகுதுன்னு."

"உன் மாமனார்கிட்ட சொல்லுடி, காதுல துணியை அடைச்சுக்கச் சொல்லி. அவர் கடையில துண்டுத் துணிக்கா பஞ்சம்?"

நான் என்ன தபால்காரியா? போங்க, நீங்களே சொல்லிக்குங்க என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் அம்மா மாமாவைக் காட்டுவாள், கல்யாணத்துக்கு அப்புறம் வந்தது என்பாள். பொய். அது அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

சண்டைக்குக் காரணம் என் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அவருடைய அப்பாவே தன் கையால் பேன்ட் தைத்தார். முந்தின நாள் யாரோ அதில் காபியைக் கொட்டிவிட்டார்கள். "கொடுங்க சம்பந்தி, நான் பார்த்துக்கறேன்" என்று அம்மா வாங்கித் துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காலையில் என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், கணுக்கால் இரண்டும் பளிச்சென்று வெளியே! தண்ணீரில் இறங்கப் போகிறவர் மாதிரி இருந்தார். வெந்நீரில் போட்டுக் கெடுத்துட்டாங்க என்றார் மாமா. துணியை நனைக்காமலே வெட்டித் தைச்சா சுருங்காம என்ன செய்யும் என்றாள் அம்மா. எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் வீட்டுக்காரர் எல்லாப் படத்திலும் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறார்.

அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அவர் வாயில்லாப்பூச்சி. அப்பாவோடு அதே கடையில் தைக்கிறார். என்ன கேட்டாலும் "ம்" அல்லது "ம்ஹூம்". அம்மாவின் லாண்டரிக்குத் துணி எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

இப்படியே போயிருக்கும், தெருக்கோடி ஆஸ்பத்திரியின் மேட்ரன் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு யூனிஃபார்ம் தைப்பது மாமா கடை. துவைப்பது எங்கள் லாண்டரி. ஆஸ்பத்திரித் துணி என்றால் கொதிக்கிற தண்ணீரில்தான் போட வேண்டும், கிருமி சாக வேண்டுமே. மேட்ரன், அதாவது நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி, வாட்டசாட்டமான பெண்மணி. அவர் குரல் கேட்டால் வார்டில் நோயாளிகூட எழுந்து உட்கார்வார் என்பார்கள். கையில் ஒரு பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நேராக மாமா கடைக்குள் போனார்.

"டெய்லர், இதைப் பாருங்க. தைச்சு நாலு மாசம்தான் ஆகுது. என் பொண்ணுங்க எல்லாம் முழங்கால் பேன்ட் போட்ட மாதிரி சுத்திக்கிட்டு இருக்காங்க."

"நான் கொடுக்கும்போது அளவு சரியா இருந்துதுங்க. எதிர்க்கடையில கேளுங்க."

மேட்ரன் தெருவைத் தாண்டி எங்களிடம் வந்தார்.

"மேடம், நான் துவைக்கிறவ. துணியை நீட்டுறதும் குறைக்கிறதும் என் வேலையா? தைச்சவரைக் கேளுங்க" என்றாள் அம்மா, எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி.

மேட்ரன் மறுபடி தெருவில் இறங்கினார். பாதியில் நின்றார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மேட்ரன் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இதோ பாரும்மா, என்னை வெச்சுப் பந்தாடினது போதும். வெளியூர்ல ஒரு கம்பெனி இருக்கு. யூனிஃபார்மும் அவங்களே தருவாங்க, துவைக்கிறதும் அவங்களே. அடுத்த மாசத்துலேருந்து அவங்ககிட்ட கொடுத்துடறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாரும் ரெடிமேட் வாங்க ஆரம்பித்ததிலிருந்து மாமா கடையில் வேலை குறைந்துகொண்டேதான் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்றுதான் கைகொடுத்துக்கொண்டிருந்தது. "அதுவும் போச்சுன்னா ஷட்டரை இறக்க வேண்டியதுதான்" என்றார் மாமா. என் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஃபேக்டரிலேருந்து கூப்பிட்டாங்க" என்றார். தொலைவில் வேறொரு ஊரில் ரெடிமேட் துணி தைக்கிற ஃபேக்டரி. அவருடைய சிநேகிதர் அங்கே இருக்கிறார். சூப்பர்வைசர் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரேன்னேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய் வந்துவிட்டது பாருங்கள்! நான் போய்விட்டால் அம்மாவுக்கு யார்? மூட்டுவலியோடு ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாக நிற்பது கண்ணுக்குள் வந்தது. நான் ஒரே பெண். அப்பா போன பிறகு அந்த லாண்டரியை அவள் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவள். மாமாவும் எங்களோடு வர மாட்டார். குவார்ட்டர்ஸில் போய் நான் என்ன, சுவரை எண்ணுவதா என்பார். இரண்டு கடையில் இரண்டு கிழங்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் எங்கோ ஒரு ஊரில் இருப்பேன். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு இரண்டு பாத்திரம் நசுங்கியது.

தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. வெந்நீர் சுருக்குகிறது என்று மாமா சொல்வது உண்மை. நனைக்காத துணி சுருங்கும் என்று அம்மா சொல்வதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருந்தால் வழி ரொம்ப லேசு. வெட்டுவதற்கு முன்னாலேயே துணியை அம்மாவின் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டால், சுருங்குவது எல்லாம் அப்போதே சுருங்கிவிடும். அப்புறம் தைத்தால் அளவு எங்கே போகும்?

காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மேட்ரன் மருந்து வண்டிப் பக்கத்தில் நின்று யாரையோ வாட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்களுக்கு ஒரு சான்ஸ் கொடுங்க. ரெண்டு கடையும் சேர்ந்து செய்யறோம்."

"யாரு, அவங்க ரெண்டு பேருமா? சேர்ந்தா?" மேட்ரன் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது. "ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டாங்களேம்மா."

"பார்க்க வைக்கிறேன் மேடம். இல்லைன்னா என் வீட்டுக்காரர் வேலைக்குன்னு வெளியூர் போயிடுவார், நானும் போகணும். எங்கம்மா தனியா..." அங்கேயே, அந்த மருந்து வாசனைக்கு நடுவில், ஓவென்று அழுதுவிட்டேன்.

மேட்ரன் பஞ்சை எடுத்து நீட்டினார். "மூக்கைத் துடை. ஒரே ஒரு செட்டு. என் அளவுக்குத் தைங்க. நீங்களே திரும்பத் திரும்பக் கொதிக்க வெச்சுத் துவைங்க. அடுத்த சனிக்கிழமை வந்து நானே போட்டுப் பார்ப்பேன். பத்தலைன்னா பேச்சே கிடையாது."

சந்தோஷமாகத் தெருவுக்கு வந்தால், மாமா "உங்கம்மா வந்து கேட்கட்டும்" என்றார். அம்மா "அவர் வந்து கேட்கட்டும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! மேட்ரன் நின்ற அதே இடத்தில், நடுத்தெருவில் போய் நின்றேன்.

"ரெண்டு பேரும் வெளியே வாங்க! மாமா, துணியை வெட்டறதுக்கு முன்னாடி வெந்நீர்ல நனைக்கணும். உங்க கடையில இருக்கிறது ஒரே ஒரு பக்கெட்டு. அம்மா, உன்கிட்ட மிஷின் மிஷினா இருக்கு, உனக்கு ஒரு கால்சட்டை தைக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஆஸ்பத்திரி ஆர்டர் கையில நிக்கும். நீங்களும் பொழைப்பீங்க, நர்ஸுங்களுக்கும் நல்ல துணி கிடைக்கும். இல்லையா, வீம்பைக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் ஊரை விட்டுப் போறேன். அப்புறம் யார் வழியா சண்டை போடுவீங்க?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மாமா உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் தோளில் வெள்ளைத் துணி பீஸ் ஒன்று இருந்தது. பின்னால் என் வீட்டுக்காரர், கத்தரிக்கோலும் டேப்புமாக. மாமா தெருவைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, உள்ள வரலாமா?"

"வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா? வாங்க. செருப்போடயே வாங்க, தரையெல்லாம் ஈரம்" என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. நீராவியில் தொண்டை கட்டிவிட்டதாம்.

முதலில் சோதனைக்கு, பேன்ட் நீளத்துக்கு ஒரு துண்டுத் துணி. சாக்பீஸ் கோடு துவைத்தால் போய்விடும் என்று, மாமா சிவப்பு நூலால் நாலு பக்கமும் தையல் போட்டு அளவு குறித்துக்கொடுத்தார். அம்மா மிஷினில் போட்டாள். மிஷின் சுற்றி முடிகிற வரை இரண்டு பேரும் அதன் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி. எடுத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு, டேப்பை வைத்தால் நாலு விரல் அகலம் காணாமல் போயிருந்தது.

மாமா டேப்பைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"அன்னைக்கு நான் துணியை நனைக்கலை. கல்யாண அவசரம், நேரம் இல்லை" என்றார் யாரையும் பார்க்காமல்.

"நானும் வெந்நீர்லதான் போட்டேன். கறை போகணுமேன்னு" என்றாள் அம்மா.

இதைச் சொல்ல மூன்று வருஷமா? என் தொண்டை போனது, என் நிம்மதி போனது! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். சரி என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. அம்மா உள்ளே போய் ஆஸ்பத்திரியின் பழைய யூனிஃபார்ம் மூட்டையைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். "நீங்க தைச்சது எல்லாம் எப்படி ஆயிருக்குன்னு பாருங்க." மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முகம் சின்னதாகிவிட்டது. அவர் பார்ப்பதெல்லாம் புதுத்துணி. கடையை விட்டுப் போன பிறகு அது என்ன பாடுபடுகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அம்மாவோ வாரா வாரம் அதைத்தான் பார்க்கிறாள்.

"எந்த இடம் முதல்ல போகுது?" என்று கேட்டார் மாமா.

"பாக்கெட் மூலை. பேனா, கத்தரி எல்லாத்தையும் திணிச்சு இழுக்கறாங்க. அப்புறம் இடுப்பு எலாஸ்டிக். இந்த மெல்லிசு ரகம் கொதிநீருக்குத் தாங்காது, தொங்கிடும். இதோ, யாரோ ஒருத்தி தானே மாத்திப் போட்டுக்கிட்டிருக்கா பாருங்க, இந்த அகல ரகம் ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு."

"பாக்கெட் மூலையில உள்பக்கமா ஒரு பட்டைத் துணி வெச்சுத் தைக்கலாம்ப்பா" என்றார் என் வீட்டுக்காரர். நான் திரும்பிப் பார்த்தேன். முழு வாக்கியம்! அவருக்கா இவ்வளவு பெரிய வாக்கியம் பேச வரும்?

அந்த வாரம் முழுக்க அவர்தான் தெருவின் இரண்டு பக்கமும் ஓடினார். அம்மா கொதிக்க வைத்துக் கொடுத்த துணியை எடுத்துப் போவார், தைத்ததைத் துவைக்கக் கொண்டுவருவார், டேப் வைத்துப் பார்ப்பார். நடுவில் அம்மா இன்னொரு காரியம் செய்தாள். துவைக்க வருகிற சட்டையில் பட்டன் இல்லாவிட்டால் முன்பெல்லாம் அப்படியே இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுவாள். இப்போது, "தெருவைத் தாண்டி எங்க சம்பந்தி இருக்கார், பட்டன் வெச்சே கொடுத்துடட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். யாராவது வேண்டாம் என்பார்களா? பட்டன் வைக்கச் சொன்னவர்கள் இடுப்பைப் பிடிக்க வேண்டும், ஜிப் மாற்ற வேண்டும் என்று அடுத்த நாள் மாமா கடைக்கே போனார்கள். மாமாவும் சும்மா இருக்கவில்லை. கோட்டு தைக்க வந்த ஒருவரிடம், "இதை வீட்டுல துவைக்காதீங்க, எதிர்ல கொடுங்க, அவங்களுக்குத்தான் துணியோட அருமை தெரியும்" என்றார். அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. இரண்டு நாளைக்கு அவளைப் பிடிக்க முடியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் ஃபேக்டரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். கேட்க பயமாக இருந்தது. கேட்டால் "ம்" என்பார், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மேட்ரன் வந்தார். லாண்டரியின் பின்னறையில் போய் மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கையைத் தூக்கினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தார். பாக்கெட்டில் கத்தரியைப் போட்டு ஒரு இழு இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மா முகம் மலர்ந்தது. "அவசரப்படாதீங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தக் கம்பெனியில தப்பு நடந்தா ஒரு நம்பருக்கு போன் போட்டா போதும். இங்க? நாளைக்கு ஒரு தையல் விட்டாலோ, ஒரு கறை போகலைன்னாலோ நான் யாரைத் திட்டறது? இவங்களையா, அவரையா? இன்னொரு தடவை நடுத்தெருவுல நிக்க என்னால ஆகாது."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் யாரையும் கை காட்டவில்லை. ஆனால் நான் இருக்கேன் என்று சொல்லவும் அவர்களுக்கு வரவில்லை. அவருக்குத் துவைக்கிற வேலை தெரியாது, இவளுக்குத் தைக்கிற வேலை தெரியாது. எப்படிச் சொல்வார்கள்? நான் சொல்லியிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு பஸ் ஏறப்போகிறவள் என்ன உரிமையில் சொல்வது? பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்னைத் திட்டுங்க மேடம்."

என் வீட்டுக்காரர்தான். இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"துணி நனைக்கிறதுலேருந்து பட்டன் வரைக்கும் நான் பார்த்துக்கறேன். எது தப்பானாலும் என் பொறுப்பு. என் நம்பருக்குப் போடுங்க."

"நீ ஊரை விட்டுப் போறேன்னு உன் பொண்டாட்டி என் வார்டுல அழுது தீர்த்தாளே?"

"போகலை மேடம். காலையில ஃபேக்டரிக்குச் சொல்லிட்டேன். நீங்க ஆர்டர் கொடுத்தாலும் சரி, கொடுக்கலைன்னாலும் சரி. இந்த ஒரு வாரம் வேலை பார்த்த மாதிரி நான் என்னைக்குமே பார்த்ததில்லை."

"டேய், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையேடா?" என்றார் மாமா.

"கேட்டா, என்னைப் பத்திக் கவலைப்படாதே, போன்னுதான் சொல்வீங்க."

மாமா சட்டென்று திரும்பிக்கொண்டு, ஒன்றுமில்லாத மேஜையில் சாக்பீஸைத் தேட ஆரம்பித்தார். அம்மா "மாப்பிள்ளை" என்று சொல்லி, அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எனக்கோ சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அப்படி இருந்தால் நான் என்ன செய்வேன்? திட்டினேன்.

"காலையிலேயே சொல்லியாச்சா? என்கிட்ட சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா? ராத்திரியெல்லாம் நான் தலையணையை நனைச்சுக்கிட்டுக் கிடக்கேன், இங்க ஒரு கல்லுளிமங்கன்..."

"ஏம்மா, நிறுத்து" என்றார் மேட்ரன். "இவரைத் திட்டற வேலையை இப்பதான் எனக்குக் கொடுத்திருக்கார். நீ குறுக்க வராதே."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்து, என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நம்பரை அழுத்தினார். அவருடைய சட்டைப்பையில் மணி அடித்தது. "எடு" என்றார் மேட்ரன். அவர் எடுத்துக் காதில் வைத்தார். மேட்ரன் இரண்டடி தள்ளி நின்றபடி, தெருவுக்கே கேட்கிற குரலில் போனில் பேசினார்.

"திங்கட்கிழமை காலையில டேப்பை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும். எல்லாருக்கும் அளவெடுக்கணும். லேட்டா வந்தா தெரியும் சேதி!"

"சரி மேடம்" என்றார் என் வீட்டுக்காரர், போனில்.